தோட்டத்தைக் காத்த பூட்டு

பேயே கிடையாது என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. செல்லப்பாவும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். இது நடந்தது 1937ஆம் வருஷம், பினாங்குக்கு வடக்கே, மெர்போக் கடைத்தெருவுக்குப் பின்னால், பட்டப்பகலில், ஊர் கூடி நின்றபோது. இருட்டில் வாழைமரத்தைப் பார்த்து மிரண்ட கதையல்ல. அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வெற்றிலையை எடுத்து மடிக்கத் தொடங்குவார்கள்.

செல்லப்பா யாழ்ப்பாணத்துக்காரர். சிடாம் கிரி பக்கம் ஆத்தங்கரைத் தோட்டம் என்று கூலிகள் சொல்லும் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் நாலு துரைமார் வந்து போனார்கள். நாலு பேரும் அவரை நல்லவர் என்றார்கள். கூலிகளிடம் யாரும் கேட்கவில்லை.

பிரிவு உபசார நாளில், புதிதாக வந்திருந்த சின்னத் துரை தேநீர்க் கோப்பையும் கையுமாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். "நீங்களெல்லாம் நேற்றுக் கப்பலில் வந்தவர்கள். நாளைக்குக் கப்பலேறிவிடுவீர்கள். இந்த மண்ணில் உங்களுக்கு என்ன இருக்கிறது?" செல்லப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? அன்றிரவு வீட்டில் சோற்றைத் தொடவில்லை.

அந்த முள் உள்ளேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து, மெர்போக் காட்டுக்குள் வெள்ளைக்காரர்கள் தோண்டிப் பழங்காலக் கோயில்களின் அடித்தளத்தை எடுத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவை என்று பேச்சு அடிபட்டது. செல்லப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தமிழன் நேற்று வந்தவன் இல்லை! இதைக் காட்ட ஒரு காட்சிச்சாலை வேண்டும். ஊரின் பழம்பொருள்களைச் சேர்த்து வைக்கும் சாலை.

கடைக்காரர் நடராஜா தன் பழைய அரிசிக் கிடங்கைச் சும்மா கொடுத்தார். ஜன்னல் இல்லாத கிடங்கு. தகரக் கூரை, கனத்த ஒற்றைக் கதவு. மிஷன் பள்ளியில் பாடம் சொல்லும் எர்னஸ்ட் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பொருள் சேர்த்தான். கன்னிமார் மடத்தில் வளர்ந்த பிள்ளை. பிதா சுதன் தெரியும், கருமாதி திவசம் தெரியாது.

சேர்ந்தவை என்ன? முதல் துரையின் சாய்வு நாற்காலி. அவர் தொப்பி. அவர் சுட்ட புலியின் படம். தமிழனின் பெருமையைச் சொல்ல வந்த சாலையில் பாதி இடம் துரைக்கே போயிற்று. பிறகு, ஒரு மேசையில் சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் ஒரு பூட்டு.

உள்ளங்கையை விடப் பெரிய இரும்புப் பூட்டு. திறந்த நிலையிலேயே துருவேறி இறுகிப் போனது. எர்னஸ்ட் எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டிக்கூடப் பார்த்தான். கொக்கி இம்மியும் அசையவில்லை. அதன் சாவியைச் செல்லப்பா இத்தனை வருஷமும் தன் சாவிக்கொத்திலேயே வைத்திருந்தார். பூட்டுக்குக் கீழே முத்து முத்தான கையெழுத்தில் ஒரு அட்டை: "1914இல் காலராவிலிருந்து தோட்டத்தைக் காத்த பூட்டு."

அது உண்மைதான். அந்த வருஷம் ஆத்தங்கரைத் தோட்டத்தில் காலரா வந்தது. நோய் கண்டவர்களையும் அவர்களைத் தொட்டவர்களையும் பழைய ரப்பர்ப் பால் கொட்டகைக்குள் விட்டுப் பூட்டச் சொன்னார் துரை. காலராக்காரனுக்குத் தண்ணீர் ஆகாது என்பது அந்தத் தோட்டத்து வைத்தியம். பூட்டியது செல்லப்பா. திறக்க வந்த உறவுக்காரர்களை வாசலில் நின்று விரட்டியதும் அவர்தான். உள்ளே போன ஒருவரும் நடந்து வெளியே வரவில்லை. நோயும் வெளியே வரவில்லை. துரை சந்தோஷப்பட்டு அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். இதைச் சொல்லும்போது செல்லப்பாவின் முகத்தில் பெருமைதான் இருக்கும்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது வேலை. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

திறப்பு விழாவுக்கு மாவட்ட அதிகாரி வருவதாக ஒப்புக்கொண்டார். பினாங்குப் பத்திரிகைக்காரரும் வருவார். ஆனால் காட்டுவதற்கு ஆயிரம் வருஷத்துப் பொருள் ஒன்றும் இல்லை. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எர்னஸ்ட் மூச்சிரைக்க வந்தான்.

"ஐயா, ஆத்தங்கரைத் தோட்டத்துல பெலுக்கார்ப் பொதரு வெட்டுறாங்க. உள்ள கல்லு வரிசையா நிக்கிது லா."

"என்ன கல்?"

"நட்டு வெச்ச கல்லு. எல்லாம் கெழக்க பாத்து நிக்கிது."

செல்லப்பா மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு ஓடினார். புதர் வெட்டிய இடத்தில், பாசி படர்ந்து, ஒரு முழ உயரத்தில் ஒரு வரிசைக் கற்கள். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்தது. "சோழர் காலத்துக் கோயில்! இது அதின்ர எல்லைக் கல். பாரும், எர்னஸ்ட், பாரும்!" என்று குழந்தை மாதிரிக் குதித்தார். புதர் வெட்டிய கூலிகள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள். கல்லைப் பெயர்க்க ஒருவரும் கை கொடுக்கவில்லை. கிராணியும் வாத்தியாரும் தாங்களே பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள்.

அந்த இடம் என்னவென்று செல்லப்பாவுக்குத் தெரியவில்லை. அதே தோட்டத்தில் வேலை பார்த்தவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. கூலியின் சாவுக்குக் கிராணி போகும் வழக்கம் இல்லை. கூலி செத்தால் கிராணி வீட்டில் உலை இறங்காது.

கற்களைக் கழுவிக் கிடங்குச் சுவரோரம் நிறுத்தினார்கள். "ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர் நட்ட கல்" என்று செல்லப்பா அட்டை எழுதினார். எழுதும்போது கண் கலங்கிவிட்டது. சின்னத் துரை பத்திரிகையில் படிப்பான். படிக்கட்டும்.

மறுநாள் காலை, கிடங்கில் வைத்திருந்த கூஜாவில் தண்ணீர் இல்லை.

"எர்னஸ்ட், நீர் குடிச்சனீரோ?"

"இல்ல ஐயா. நேத்து பூட்டும்போது நாந்தான் ரொப்பி வெச்சேன்."

மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த நாள், எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த தகரக் கிண்ணங்கள் காய்ந்து கிடந்தன. பூச்சாடியும் காய்ந்திருந்தது. பூக்கள் தலை தொங்கிப்போயிருந்தன. சிமெண்டுத் தரையில் சாடியிலிருந்து கற்கள் வரை ஓர் ஈரக்கோடு, நனைந்த முந்தானையை யாரோ இழுத்துக்கொண்டு போனது போல.

"எலி" என்றார் செல்லப்பா. எலி கூஜாவின் மூடியைத் திறந்து குடித்துவிட்டு மறுபடி இறுக்கி மூடும் என்று நம்புகிற அளவுக்குப் படித்தவர்.

விழாவுக்கு முந்தின மாலை, பூமாலைகளை வைக்க அவர் மனைவி பூரணம் வந்தாள். உள்ளே இரண்டு அடி வைத்தாள். மாலைகளை நாற்காலியில் போட்டுவிட்டு உடனே வெளியே வந்தாள்.

"இஞ்சருங்கோ... உள்ளுக்கு நிறையச் சனம் நிண்ட மாதிரிக் கிடக்கு. வேர்வை மணக்குது."

"கல்லுக்கு வேர்க்குமோ?"

"எனக்குத் தெரியாது. நாளைக்கு நான் வாசலிலதான் நிப்பன்."

அவர் சிரித்தார். கதவைச் சாத்தினார். சாத்தும்போது உள்ளே ஒரு சத்தம்.

க்ளக்... க்ளக்... க்ளக்...

தாகம் எடுத்தவன் மடமடவென்று குடிக்கும்போது தொண்டையில் வருமே, அந்தச் சத்தம்.

அவர் நிற்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு நடந்தார். கிடங்கில் குழாய் இல்லை.

விழா நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாமலும் செல்லப்பா வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். எல்லாவற்றையும் ஒருமுறை துடைத்து வைக்கலாம் என்று நினைத்தார். வழியில், தோட்டத்துப் பக்கமிருந்து தண்டவாளத் துண்டைத் தட்டும் ஓசை காற்றில் வந்தது. டங்... டங்... டங்... காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கூலிகளை எழுப்பும் ஓசை. கேட்டுக் கேட்டுப் பழகிய ஓசை என்பதால் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கிடங்கு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது.

கதவின் புதுப் பித்தளைப் பூட்டைத் திறந்து கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனார். கைக்கடிகாரம் ஆறே கால் காட்டியது. முதலில் பார்த்தது மேசையை. சிவப்புத் துணி இருந்தது. அட்டை இருந்தது. துணியில் துருவின் கறை வட்டமாக இருந்தது.

பூட்டு இல்லை.

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

டப்.

கதவு சாத்திக்கொண்டது.

கிறீச்... வெளியே நாதாங்கி ஏறும் சத்தம். பிறகு, இருபது வருஷத்துக்கு மேலாக அவர் கேட்காத ஒரு சத்தம்.

கிளிக்.

"ஆரது? எர்னஸ்ட்? விளையாடாதேயும்!"

கதவைத் தள்ளினார், உதைத்தார். பையில் கை விட்டார். பித்தளைப் பூட்டு இருந்தது. சாவிக்கொத்து இருந்தது. அதில் பழைய பூட்டின் சாவியும் இருந்தது. அவர் விரல் பட்டபோது அந்த ஒரு சாவி மட்டும் சூடாக இருந்தது.

வெயில் ஏற ஏறத் தகரக் கூரை காய்ந்தது. எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூஜாவை எடுத்தார். காலி. சாடியைக் கவிழ்த்தார். காலி. கதவுப் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்தார். பத்து மணிக்கு எல்லோரும் வருவார்கள். வந்தால் திறந்துவிடுவார்கள். கொஞ்சம் கேலி செய்வார்கள், போகட்டும், விழா நடந்தால் சரி.

ஒன்பதே முக்காலுக்குச் சனம் வரத் தொடங்கியது. தோரணத்தைப் பார்த்தார். நடராஜாவைப் பார்த்தார். பட்டுச் சேலையில் பூரணத்தைப் பார்த்தார். அதிகாரியின் கார் வந்து நின்றது. பத்திரிகைக்காரர் நோட்டும் கையுமாக இறங்கினார்.

"கதவைத் திறவுங்கோ! நான் உள்ளுக்கு நிக்கிறன்! திறவுங்கோ!"

அடிவயிற்றிலிருந்து கத்தினார். கதவை இரண்டு கையாலும் அறைந்தார்.

கூட்டம் அப்படியே நின்றது.

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் கதவையே பார்த்தார்கள். அவர் கண்ணுக்கு நேராகத்தான் பார்த்தார்கள்.

எர்னஸ்ட் மட்டும் முன்னால் வந்தான். கை நீட்டினான். பூட்டைத் தொட்டிருப்பான். செல்லப்பா இடுக்கில் வாயை வைத்து, "எர்னஸ்ட், தம்பி, திறவும்" என்றார். எர்னஸ்டின் முகம் வெளுத்தது. கையை இழுத்துக்கொண்டு பின்னால் போனான். சிலுவை போட்டுக்கொண்டான்.

அதிகாரி ஏதோ கேட்டார். நடராஜா தலையை ஆட்டினார். கார்க் கதவு சாத்தும் சத்தம். கார் திரும்பியது... போயிற்று. பத்திரிகைக்காரரும் அதிலேயே போய்விட்டார்.

செல்லப்பா கதவோடு சரிந்து உட்கார்ந்தார். அவர் அழுதார். தாகத்துக்கு அல்ல. அந்தக் காருக்காக அழுதார்.

அழுது முடித்துத் திரும்பினார்.

கற்களைச் சுவரை ஒட்டித்தான் நிறுத்தியிருந்தார்கள். இப்போது சுவருக்கும் கற்களுக்கும் நடுவே இடைவெளி. ஓர் ஆள் நிற்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டார்.

வேர்வை மணத்தது. நிறையப்பேரின் வேர்வை.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். சூடான மூச்சு. காய்ச்சல்காரனின் மூச்சு.

இன்னொன்று... இன்னொன்று...

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "தண்ணி" என்று சொல்லப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

அப்போது கதவுக்கு அடியில் தண்ணீர் வந்தது.

நல்ல தண்ணீர். வெளியே யாரோ ஊற்றுகிறார்கள். மெல்லிய ஓடையாக உள்ளே வந்தது. செல்லப்பா தவழ்ந்து போய்க் கையை வைத்து அணை கட்டினார்.

தண்ணீர் அவர் கையைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

வாயைத் தரையில் வைத்தார். தண்ணீர் விலகிப் போயிற்று. கற்களுக்குப் போயிற்று.

க்ளக்... க்ளக்... க்ளக்...

வெகுநேரம் கேட்டது.

பிறகு... அமைதி.

கிளிக்.

கதவு தானாகத் திறந்தபோது கைக்கடிகாரத்தில் மணி ஒன்று இருபது. வாசலில் வெள்ளைச் சேலை கட்டிய வயசான பெண் ஒருத்தி, காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் காளியம்மா, ஒரு காலத்தில் ஆத்தங்கரைத் தோட்டத்தில் இருந்தவள், கல்லைப் பெயர்த்த செய்தி கேட்டு வந்தவள். தூரத்தில் எர்னஸ்டும் பூரணமும் நின்றார்கள். மற்றவர்கள் ஓடிப்போயிருந்தார்கள். நாதாங்கியில் பூட்டு இல்லை. எர்னஸ்ட் உள்ளே எட்டிப் பார்த்தான். அது மேசைமேல், சிவப்புத் துணியில், துருவேறித் திறந்தபடி, கறையின் மேலேயே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

காளியம்மா செல்லப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கற்களைப் பார்த்துத்தான் பேசினாள்.

"செத்தவங்களுக்கு நட்ட கல்லு இது. உசுரு அதுலதான் நிக்கும். தெனமும் தண்ணி வாக்கணும். பதினாறாம் நாளு கல்லை எடுத்து ஆத்துல விடணும். அப்பத்தான் போவாங்க."

"பிறகு ஏன் எடுக்கேல்லை?" செல்லப்பாவின் குரல் கரகரத்தது.

"எடுக்க விட்டீங்களா? பதினாறாம் நாளு வர்றதுக்குள்ள மிச்சம் இருந்த எங்கள எல்லாம் வண்டியில ஏத்தி எங்கேயோ பண்டார் பாருவுக்கு அனுப்பிட்டீங்க. நோய் தீரணும்னு." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அதோ ஓரத்துல நிக்கிறது எங்க அக்கா. நாந்தான் நட்டேன்."

அன்று மாலையே காளியம்மாவும் எர்னஸ்டும் கற்களை வண்டியில் ஏற்றிப்போய் மெர்போக் ஆற்றில் விட்டார்கள். எர்னஸ்ட் ஒவ்வொன்றையும் கைக்குழந்தை மாதிரித் தூக்கி இறக்கினானாம். விழா பிறகு நடக்கவில்லை. பத்திரிகையில் ஒரு வரியும் வரவில்லை. ஆயிரம் வருஷத்துத் தமிழனைத் தேடிப் போனவருக்கு இருபத்து மூன்று வருஷத்துத் தமிழனை அடையாளம் தெரியவில்லை. இதை ஒரு அட்டையில் எழுதி அந்தக் கிடங்கில் மாட்டியிருக்கலாம்.

இரவு, செல்லப்பா செம்பு செம்பாகக் குடித்தார். விளக்கடியில் பூரணம் உட்கார்ந்திருந்தாள். எர்னஸ்டும் இருந்தான், வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு. கடைசியில் செல்லப்பா வாய் திறந்தார்.

"நான் அவ்வளவு கத்தினனான். ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?"

எர்னஸ்ட் தரையைப் பார்த்தான். "கேட்டுச்சு ஐயா. ரொம்பக் குரல் கேட்டுச்சு. பொம்பளைங்க... பிள்ளைங்க... தண்ணி தண்ணின்னு. கதவ அறையற சத்தம்."

"பொம்பிளையளோ? உள்ளுக்கு நான் மட்டும்தானே நிண்டனான். என்ர குரல் கேக்கேல்லையோ?"

எர்னஸ்ட் பூரணத்தைப் பார்த்தான்.

"உங்கட குரலும் கேட்டது" என்றாள் பூரணம். அவள் அவரைப் பார்த்த பார்வை முப்பது வருஷத்தில் பார்க்காத பார்வை. "எனக்கு உங்கட குரல் தெரியாதே? கதவுக்குக் கிட்ட நிண்டு தெளிவாத்தான் சொன்னனீங்கள். அதாலதான் நாங்கள் ஒருத்தரும் திறக்கேல்லை."

"நான் என்ன சொன்னனான்?"

"'ஒருத்தரும் திறக்கப்படாது. துரையின்ர உத்தரவு. கத்திக் கத்தித் தானா அடங்குவினம்.' இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீங்கள்."

செம்பு அவர் கையிலிருந்து நழுவியது. 1914இல், பால் கொட்டகை வாசலில், உறவுக்காரர்களிடம் அவர் சொன்ன வார்த்தைகள் அவை. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு எவரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. அந்த வருஷம் பூரணம் யாழ்ப்பாணத்தில் இருந்தாள்.